வாளின் ஜவ்ஹர்

அரபு மொழியில் 'ஜவ்ஹர்' என்றொரு சொல் உண்டு. மன்திக்கும் இல்முல் கலாமும் ஓதிய மாணவனுக்கு அது தொடக்கத்திலேயே பழகிவிடும். ஒரு பொருள் எதனால் அப்பொருளாக நிற்கிறதோ அதனை ஜவ்ஹர் என்பார்கள். அதன்மேல் வந்து தங்கிப் பின் நீங்கக்கூடிய நிறம், சூடு முதலியவற்றை 'அரள்' என்பார்கள். துணி ஜவ்ஹர், அதில் ஏறிய சாயம் அரள். நகை வணிகருக்கோ அதே ஜவ்ஹர் மாணிக்கத்தையும் முத்தையும் குறிக்கும். வாள் அறிந்தவர்களுக்கு அதில் மூன்றாவது பொருளும் உண்டு. நல்ல உருக்கினால் அடித்த வாளின் அலகில், மெல்லிய காற்றில் அசையும் கண்மாய் நீரைப் போல நெளிந்து தோன்றும் வரிகளுக்கும் ஜவ்ஹர் என்றே பெயர்.

இந்த மூன்றாவது பொருளை நான் மதரஸாவில் ஓதியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், எழுமலைப் பள்ளிவாசல் திண்ணையில், ஓர் அஸர் தொழுகைக்குப் பின் அதனைக் கற்க நேர்ந்தது.

வந்தவர் எங்கள் ஊர்க்காரர், என்னினும் இளையவர். பழைய ஜமுக்காளத்தில் சுற்றிய நீளமான பொதியொன்றைத் திண்ணையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே வளைந்த வாள் ஒன்று இருந்தது. "ஹஜ்ரத், இதில் அரபு எழுத்து இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல வேண்டும்" என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பிடிக்குச் சற்று மேலே, பொன்னெழுத்தில், 'அமலே அசதுல்லாஹ் இஸ்ஃபஹானீ' என்றிருந்தது. இஸ்ஃபஹான் நகரத்து அசதுல்லாஹ்வின் கைவேலை என்பது அதன் பொருள். சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. உடன் வந்திருந்த வெளியூர் வியாபாரியின் முகம் அதனினும் அதிகமாக மலர்ந்தது.

அந்த வாள் அவர் வீட்டுப் பரணில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. மதுரையை ஆண்டு, 1764இல் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு முஹம்மது யூசுப் கானின் படையில் தம் முன்னோர் ஒருவர் இருந்தார் என்றும், வாள் அவருடையது என்றும் அவருடைய அத்தா சொல்லிக் கேட்டிருக்கிறார். இப்போது மகளின் நிக்காஹ் நெருங்குகிறது, கையில் பணமில்லை. வியாபாரி ஒரு விலை சொல்லியிருந்தார். ஆலிம் ஒருவர் எழுத்தை வாசித்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அந்த விலை நான்கு மடங்காகும் என்றும் சொல்லியிருந்தார்.

நான் மறுபடியும் வாளைக் கையில் எடுத்தேன். வாளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது; ஆனால் எழுத்தைப் பற்றித் தெரியும். 'அசத்' என்ற சொல்லின் கடைசி எழுத்தாகிய தால், தனக்குப் பின்வரும் எழுத்தோடு ஒருபோதும் சேராது. மக்தபில் முதல் மாதம் ஓதும் பிள்ளைக்கும் இது தெரியும். இங்கோ அது அடுத்த எழுத்தோடு இழுத்துச் சேர்க்கப்பட்டிருந்தது. எழுத்தறியாத ஒருவன் எதையோ பார்த்து வரைந்திருக்கிறான். இன்னொன்றும் கண்ணில் பட்டது. அலகில் பழைய துருக்குழி ஒன்று இருந்தது. பொன் அந்தக் குழிக்குள்ளும் இறங்கிப் படிந்திருந்தது. வாள் பிறந்த நாளில் எழுதிய பெயராக இருந்தால் துரு பொன்னைத் தின்றிருக்கும். துருவின் மேல் பொன் கிடக்கிறதென்றால், வாள் முதுமையடைந்த பிறகே பெயர் சூட்டப்பட்டது என்றுதான் ஆகிறது.

நான் தயங்குவதைக் கண்ட வியாபாரி பணிவோடு சொன்னார்: "ஹஜ்ரத் பொய் எழுத வேண்டாம். வாளில் என்ன இருக்கிறதோ அதை உள்ளபடி எழுதிக் கொடுத்தால் போதும்."

எவ்வளவு நேர்மையான வேண்டுகோள்! 'இவ்வாளில் இன்ன சொற்கள் உள்ளன' என்று நான் எழுதினால் அதில் ஓர் எழுத்தும் பொய்யாகாது. ஆனால் அதை வாசிக்கும் எவனோ ஒருவன், வாள் அசதுல்லாஹ்வின் கைவேலை என்று ஓர் ஆலிம் சாட்சி சொன்னதாகவே எடுத்துக்கொள்வான். உண்மையையே சொல்லி ஒருவனை ஏமாற்ற முடியுமா? முடியும் என்றால், அந்தப் பாவம் சொன்னவனுடையதா, கேட்டுத் தவறாகப் புரிந்துகொண்டவனுடையதா? இரண்டு நாள் தவணை கேட்டு அவர்களை அனுப்பிவிட்டு, இந்தக் கேள்வியோடு நூல்களிடம் போனேன்.

முதலில் கண்டது, நம் மண்ணின் பெருமை. பழைய அரபு மொழியில் சிறந்த வாளுக்கு 'முஹன்னத்' என்றொரு பெயர். இந்திய உருக்கால் ஆனது என்பது அதன் கருத்து. அந்த உருக்குப் பிறந்த இடங்களில் தமிழகமும் ஒன்று. ஈரோட்டை அடுத்த கொடுமணலில் பழைய இரும்புத் தொழிலின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் உருக்குக் காய்ச்சிய மூசைகளின் ஓடுகள் கிடைத்தன. சேலம் பகுதியில் இந்தத் தொழில் நடந்த முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் எழுதி வைத்தனர். தேனிரும்புத் துண்டுகளை மண்மூசையில் இட்டு, உடன் ஆவாரங்கட்டையை நறுக்கிப் போட்டு, எருக்க இலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் வைப்பார்கள். கட்டையின் கரி இரும்பில் கலந்து, இரும்பு உருக்காகும். எங்கள் எழுமலைக் கரட்டிலும் ஆவாரையும் எருக்கும் யாரும் சீந்தாமல் வளர்ந்து கிடக்கின்றன! 1795இல் இந்த உருக்கு 'வூட்ஸ்' என்ற பெயரில் லண்டன் அறிஞர் அவையில் விவரிக்கப்பட்டது. பின்னர் மைக்கேல் பாரடே இதன் இரகசியத்தைத் தேடினார். அலகின் நெளிவரிகளுக்கு, தாதுவில் மிகச் சிறிதளவே கலந்திருந்த வனேடியம் போன்ற உலோகங்கள் துணை நின்றன என்று 1990களில் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். கொல்லனுக்கே தெரியாமல் மண்ணில் இருந்த ஒன்று, வாளில் ஜவ்ஹராக வெளிப்பட்டது.

அடுத்துக் கண்டது அல்கிந்தியின் நூலைப் பற்றியது. அரபுத் தத்துவ ஞானிகளில் முதல்வராகிய அவர், 833 முதல் 842 வரை ஆண்ட கலீபா முஃதஸிமுக்காக வாள்களின் இனங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தத்துவ ஞானிக்கு வாளோடு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். பொருளை அதன் தன்மையால் அறிவதுதானே தத்துவம்? இரும்பின் வகை, அலகின் நிறம், வரியின் போக்கு, அளவு ஆகியவற்றைக் கொண்டு வாள் எந்த நாட்டது, எத்தரத்தது என்று அவர் பிரித்துக் காட்டினார். யமன் நாட்டு வாளும் இந்திய வாளும் அவர் கணக்கில் முதல் வரிசையில் வருகின்றன; சரந்தீப் எனும் இலங்கையின் உருக்கும் அவர் பட்டியலில் இடம்பெறுகிறது. அந்த நூலில் என்னை நிறுத்தியது ஒரு சொல்லாட்சி. உயர்ந்த வாள்களை அவர் 'அதீக்' என்று அழைக்கிறார். அதீக் என்றால் பழையது என்று பொருள். ஆனால் தாம் அதனைக் காலத்தைக் கருதிச் சொல்லவில்லை, மேன்மையைக் கருதியே சொல்கிறேன் என்று விளக்குகிறார். மேன்மைக்குரிய தன்மைகள் கூடியிருந்தால் நேற்று அடித்த வாளும் அதீக். கூடாதிருந்தால் ஆது காலத்து வாளும் அதீக் அன்று. பழமையே மதிப்பு என்று மயங்குவோர்க்கு ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் சொன்ன பதில் இது.

இனி அசதுல்லாஹ்வுக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டின் முதற்பகுதியில், ஷா அப்பாஸின் காலத்தில், இஸ்ஃபஹானில் வாழ்ந்த மாபெரும் வாட்கொல்லர் என்று அவரைச் சொல்வது வழக்கு. ஆனால் அவர் பெயர் பொறித்த வாள்கள் உலகின் அருங்காட்சியகங்களில் ஏராளம். ஒரு மனிதனின் ஆயுளில் அடித்து முடியாத எண்ணிக்கை. ஒரு மனிதனின் ஆயுளில் அடங்காத கால இடைவெளி. ஈரானிலும் இந்தியாவிலும் பிற்காலக் கொல்லர்கள் அந்தப் பெயரைத் தம் வாள்களில் பொறித்தார்கள். பெயர் நாளடைவில் மனிதனை விட்டுப் பிரிந்து, 'நல்ல வாள்' என்று சொல்லும் முத்திரையாகிவிட்டது. ஐரோப்பாவிலும் இதே கதைதான்; ஆந்திரேயா பெராரா என்ற இத்தாலியக் கொல்லரின் பெயர் ஜெர்மானியப் பட்டறைகளில் அடித்த எண்ணற்ற அலகுகளில் ஏறியது.

இப்படிப் பெயர்கள் பெருகிய உலகில் உண்மையை அறிவது எப்படி? இதில் மிகத் தேர்ந்த வழி கண்டவர்கள் ஜப்பானியர். அவர்களுடைய கொல்லன், பெயரை அலகின் முகப்பில் எழுதுவதில்லை. பிடிக்குள் செருகப்படும் அடிப்பகுதியில் வெட்டுவான். மூங்கில் ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றினாலன்றி அப்பெயர் தெரியாது. வாள் மதிப்பிடக் கற்கும் மாணவர்க்கு அந்த அடிப்பகுதியை மறைத்தே வாளைக் கொடுப்பது மரபு. அவன் முதலில் வாளின் வளைவையும் வடிவத்தையும் பார்க்க வேண்டும். பின்பு மடித்து மடித்து அடித்த உருக்கின் இழையோட்டத்தைப் பார்க்க வேண்டும். பின்பு, களிமண் பூசித் துவைச்சல் கொடுத்ததால் விளிம்போரம் வெண்மேகம் போல் தோன்றும் வரியைப் பார்க்க வேண்டும். இவற்றைக் கொண்டு இன்ன காலம், இன்ன நாடு, இன்ன கொல்லன் என்று கூறிய பிறகே பெயரைப் பார்க்கலாம். அடிப்பகுதியின் துருவை யாரும் துடைப்பதில்லை. அதன் நிறமே வயதுக்குச் சாட்சி. துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவன் சாட்சியைக் கொன்றவனாவான்.

அங்கும் பொய்ப் பெயர்கள் இல்லாமலில்லை. பொய்யாக வெட்டிய பெயருக்கு 'கிமேய்' என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். மாறாக, பெயரே இல்லாத பெருவாள்களும் உண்டு. மாசமுனே என்ற தலைசிறந்த கொல்லரின் கைவேலை என்று ஏற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பெயரற்றவை. ஹோனாமி என்ற குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக ஆட்சியாளர்களுக்கு வாள் மதிப்பிட்டுச் சான்றோலை கொடுத்து வந்தார்கள். 1719இல் புகழ்மிக்க வாள்களின் பட்டியலொன்றையும் அக்குடும்பத்தார் தொகுத்து அளித்தனர். ஆனால் அவர்கள் ஓலைகளிலும் முற்காலத்தவை நம்பத்தக்கவை, பிற்காலத்தவை அத்துணை நம்பத்தக்கவை அல்ல என்று பின்னோர் பிரித்தனர். வாள் பொய்யாகலாம் என்பதற்காக ஓலை வந்தது. ஓலையும் பொய்யாகலாம் என்பதால் ஓலைக்கும் மதிப்பீடு வந்தது. 1948இல் தொடங்கிய ஜப்பானிய வாள் பாதுகாப்புச் சங்கம் இன்றும் சான்றிதழ் வழங்கி வருகிறது. முடிவில் எல்லாம் ஒரு மனிதனின் நாணயத்தில் வந்து நிற்கிறது.

இதைப் படித்தபோது என் மனம் ஹதீஸ் கலைக்குத் தாவியது. அங்கே அறிவிப்பாளர் வரிசையை முதலில் பார்க்கிறோம். ஜப்பானியர் பெயரைக் கடைசியில் பார்க்கிறார்கள். முறை நேர்மாறானது, அடியிலுள்ள அச்சம் ஒன்றே. பெயர் மயக்கும் என்பதுதான் அது. நம் முஹத்திஸ்களிடம் ஒரு கண்டிப்பு உண்டு. அழகான அறிவுரை, கேட்போர் உள்ளத்தைத் திருத்தக்கூடியது, அதிலே பிழையான கருத்து எதுவுமில்லை. ஆனாலும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக நிறுவப்படவில்லை என்றால், 'சொல் நல்லது. ஆனால் இது ஹதீஸ் அன்று' என்று தள்ளிவிட்டார்கள். நன்மையை நாடித்தான் புனைந்தோம் என்று சொன்னவர்களையும் அவர்கள் பொய்யர் பட்டியலில்தான் சேர்த்தார்கள். பொருள் நன்றாயிருப்பது பொய்ப் பெயருக்கு மன்னிப்பாகாது. இதன் மறுபக்கமும் உண்மை: பெயர் பொய்யானதால் பொருள் கெட்டுவிடாது. சொல் ஹதீஸ் அல்லாவிடினும் அறிவுரையாக நின்று பயன்தரலாம். வாள் அசதுல்லாஹ்வுடையது அல்லாவிடினும் நல்ல வாளாக இருக்கலாம்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தபோது என் கேள்வி சற்றுத் தெளிந்தது. வாள் பொய் சொல்வதில்லை. அதற்கு நாவில்லை. பெயர் பொறித்த கொல்லனும், அந்தக் காலத்து வழக்கப்படி, 'இது அவர் தரத்து வாள்' என்று சொல்ல எண்ணியிருக்கலாம். அவன் நிய்யத்தை அல்லாஹ்வே அறிவான். கேள்விப்பட்டதை நம்பிச் சொன்ன குடும்பத்தாரும் பொய்யர்கள் அல்லர். அறிந்த ஒருவன், அறியாத ஒருவனிடம், விலை பேசும் இடத்தில் வாய்மூடி நிற்கும்போதுதான் பொய் பிறக்கிறது. மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டு, அடியில் ஈரம் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த வணிகரும் பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லை. மேலே இருந்த தானியம் உலர்ந்ததுதான். கண்டவர் கண்டது உண்மைதான். மேலே உண்மையை வைத்து அடியில் ஈரத்தை மறைப்பதே மோசடி. ஃபிக்ஹு நூல்களும், மறைத்த குறை பின்னர் தெரிந்தால் பொருளைத் திருப்பித்தர வாங்கியவனுக்கு உரிமை உண்டு என்கின்றன. வியாபாரி என்னிடம் கேட்டது, ஈரத்தின் மேல் பரப்ப ஒரு கைப்பிடி உலர்ந்த தானியம்!

'தவ்ரியா' என்று அரபு அறிஞர் ஒரு வகைப் பேச்சைக் குறிப்பிடுவார்கள். சொல்பவன் ஒன்றை எண்ண, கேட்பவன் மற்றொன்றைக் கொள்ளுமாறு பேசுவது அது. கொடியவனிடமிருந்து ஓர் உயிரைக் காக்க அது ஆகும் என்பர். அதைக் கொண்டு பிறர் உரிமையைப் பறிப்பது ஆகாது என்பதிலோ ஐயமில்லை. சாட்சி கேட்கப்பட்டவனின் கடமை தன் சொற்கள் உண்மையாக இருப்பதோடு முடிவதில்லை. அச்சொற்கள் கேட்பவனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் அவன் பொறுப்பாளி. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் கூட இது பொருந்தும். மாப்பிள்ளை வீட்டார் கேட்கும்போது, கேட்டதற்கு மட்டும் உண்மை சொல்லிக் கேட்காததை மறைப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

மூன்றாம் நாள் அவர்கள் வந்தபோது எழுதி வைத்திருந்தேன். இவ்வாளில் இன்ன சொற்கள் உள்ளன. எழுதியவர் அரபு எழுத்தறியாதவர் என்பதற்கு இன்ன அடையாளம் உள்ளது. பொன் துருக்குழிக்குள் படிந்துள்ளது. இவ்வளவே. வாளின் தரத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அது என் கல்வி அன்று. வியாபாரி தாளை மடித்துத் திருப்பித் தந்தார். வெளிநாட்டு அன்பர் ஒருவருக்காகவே கேட்டதாக அப்போதுதான் சொன்னார். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த இத்தகைய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்று நினைவூட்டினேன். அவர் போய்விட்டார்.

ஊர்க்காரர் போகவில்லை. திண்ணையில் அமர்ந்தபடி, "ஹஜ்ரத், ஒரு வரி குறைத்து எழுதியிருந்தால் என் பிள்ளையின் காரியம் முடிந்திருக்குமே" என்றார். அதற்கு என்னிடம் பதிலில்லை. ஹக்கைச் சொல்வதன் செலவை, பல சமயங்களில், சொன்னவன் கொடுப்பதில்லை, வேறொருவர் கொடுக்கிறார். இதை உணராமல் உண்மை பேசுவதில் பெருமை கொள்வது எளிது. நிக்காஹ் சில மாதம் தள்ளிப் போயிற்று. பவுன் குறைந்தது, உறவினர் சிலரும் நானும் இயன்றதைச் செய்தோம், நடந்தேறியது. ஆனால் வெகுநாள் வரை அவர் ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்டு நில்லாமல் நடந்துவிடுவார். அதை நான் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

மதிப்பு என்பதுதான் எவ்வளவு விந்தையானது! 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் கொண்டுபோன அவருடைய பள்ளியறை வாள், 2023இல் லண்டனில் ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுனுக்கு ஏலம் போயிற்று. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையோ, ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், 1860களில், சென்னை அருங்காட்சியகத்துக்கென எடுத்த சில போகப் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய உலோக விலைக்கு எடைபோட்டு விற்கப்பட்டது. முன்னதை மதித்தவர்கள் அதன் உரிமையாளர் பெயரை நிறுத்தார்கள். பின்னதை மதித்தவர்கள் இரும்பை மட்டும் நிறுத்தார்கள். எடைபோட்டவர்களின் தராசு பொய் சொல்லியிராது. எடை சரியாகத்தான் இருந்திருக்கும். எதை நிறுக்க வேண்டும் என்பதை அறியாதவன் கையில் சரியான தராசும் அநீதியே செய்கிறது.

கடந்த ரமளானில் ஊர்க்காரர் தாமாக என்னிடம் வந்தார். வாளைச் சட்டப்படி வைத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்து வருவதாகச் சொன்னார். பிறகு தயங்கி, "பெயர்தான் பொய். அத்தா சொன்ன கான்சாகிபு கதையாவது நிஜமாக இருக்குமா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

அவர் அத்தாவை எனக்குத் தெரியும். பஞ்ச காலத்திலும் அந்த வாளை விற்காமல், ஆண்டுதோறும் எடுத்துத் துடைத்து எண்ணெய் பூசி வைத்தவர். "தம்பி, கதைக்கு நான் சாட்சி இல்லை. ஆனால் உங்கள் அத்தா இதை அமானிதமாகக் காத்தார் என்பதற்கு நான் சாட்சி. அதை வேண்டுமானால் எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். தாள் கேட்கவில்லை. அன்று நோன்பு திறக்க என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.